விரலில் மை, வாயில் கேள்வி

இந்த முறை வந்த கேள்விகள் எல்லாம் ஒரே திசையில் ஓடுகின்றன: இளவட்டங்களும் அரசியலும். பிள்ளைகளைப் பற்றிப் பெற்றோர் எழுதியிருக்கிறார்கள், பெற்றோரைப் பற்றிப் பிள்ளைகள் எழுதியிருக்கிறார்கள். இரு தரப்புக்கும் இங்கேயே பதில்.

? இன்றைய இளைஞர்களுக்கு அரசியல் ஆர்வமே கிடையாது. சரிதானே?
– ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், திண்டுக்கல்

தப்பு சார். ஹாஸ்டல் சாம்பாரில் புழு மிதந்தால் விடிய விடியப் பேசுகிறார்கள். தேர்வுக் கட்டணம் ஏறினால் வளாகமே கொதிக்கிறது. காலேஜுக்குப் போகிற ஒரே டவுன் பஸ்ஸும் நின்றுபோனால் டிப்போ வாசலில் உட்காருகிறார்கள். இது அரசியல் இல்லையென்றால் வேறு எதுதான் அரசியல்? கட்சிகள் மேல் ஆர்வம் குறைவு என்று வேண்டுமானால் சொல்லுங்கள். அதற்குக் கட்சிகள்தான் பதில் சொல்ல வேண்டும்.

? அரசியல் ஒரு சாக்கடை. நல்லவர்கள் எதற்கு அதில் இறங்க வேண்டும்?
– பி.காம். இரண்டாம் ஆண்டு மாணவர், கும்பகோணம்

உங்கள் தெருச் சாக்கடை அடைத்துக்கொண்டால் யாருக்குப் போன் போடுகிறாய்? வார்டு கவுன்சிலருக்கு. ஆள் இறங்காமல் எந்தச் சாக்கடை சுத்தமாகியிருக்கிறது, தம்பி?

? எனக்கு 17 வயசு. ஓட்டே இல்லாதவனுக்கு அரசியல் எதற்கு?
– ப்ளஸ் டூ மாணவர், அறந்தாங்கி

17 முடிந்துவிட்டதா? அப்படியானால் படிவம் 6-ஐ இப்போதே நிரப்பலாம். ஒரு காலத்தில் ஜனவரி 1-ஆம் தேதி 18 முடிந்திருந்தால்தான் அந்த வருஷப் பட்டியலில் பெயர். ஜனவரி 2-ல் பிறந்த பாவத்துக்கு ஒரு வருஷம் காத்திருக்க வேண்டும். 2021-ல் சட்டம் திருத்தினார்கள். இப்போது ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களின் முதல் தேதி என நாலு வாசல் திறந்திருக்கிறது.

இன்னொன்று. 1938-ல் திருவாரூரில் 14 வயசுப் பையன் ஒருவன் இந்தி எதிர்ப்புக் கொடியோடு ஊர்வலம் போனான். பிறகு ‘மாணவ நேசன்’ என்று கையெழுத்துப் பத்திரிகையும் நடத்தினான். அவனுக்கும் அப்போது ஓட்டு கிடையாது. பின்னாளில் ஐந்து முறை முதலமைச்சர்.

? ஓட்டுப் போடும் வயது எப்போது 18 ஆனது?
– போட்டித் தேர்வுக்குப் படிப்பவர், விருத்தாசலம்

1989 மார்ச் 28. அரசமைப்பின் 61-ஆவது திருத்தம், ராஜீவ் காந்தி ஆட்சி. அதற்கு முன் 21. பரீட்சைக்கு இது போதும். உன் அப்பா தன் முதல் ஓட்டை எந்த வயசில் போட்டார் என்று இன்று ராத்திரி கேட்டுப் பார். அது பரீட்சையில் வராது, ஆனால் நல்ல பேச்சாக இருக்கும்.

? என் மகன் செய்தித்தாளைத் தொடுவதே இல்லை. எப்படிப் படிக்க வைப்பது?
– மின்வாரிய ஊழியர், ஈரோடு

‘பேப்பர் படி’ என்று சொல்வதை முதலில் நிறுத்துங்கள். வீட்டுப்பாடம் மாதிரிக் கொடுத்தால் எதுவும் ஏறாது. அவன் வண்டிக்குப் பெட்ரோல் போட்டுவிட்டு வரும் அன்று, லிட்டருக்குக் கொடுத்த காசில் வரி எவ்வளவு, அதில் மத்திய அரசுக்கு எவ்வளவு, மாநிலத்துக்கு எவ்வளவு என்று கேளுங்கள். தெரியாது என்பான். தேடுவான். தேடினதை உங்களிடம் சொல்லும்போது குறுக்கே பேசாதீர்கள். ‘உனக்கென்னடா தெரியும்’ என்ற ஒரு வாக்கியம் வந்தால் போச்சு, அடுத்த பத்து வருஷத்துக்கு வாயைத் திறக்க மாட்டான்.

தமிழர்கள் பேப்பரைத் தனியாக உட்கார்ந்தா படித்தார்கள்? 1942-ல் மதுரையில் ஆதித்தனார் ‘தந்தி’யைத் தொடங்கியபோது, எழுத்துக் கூட்டிப் படிப்பவருக்கும் புரிகிற தமிழ் என்பதுதான் கணக்கு. டீக்கடை பெஞ்சில் ஒருவர் உரக்கப் படிப்பார், பத்துப் பேர் கேட்பார்கள், பதினோராவது ஆள் மறுத்துப் பேசுவார். அந்தப் பதினோராவது ஆளாக உங்கள் மகன் இருக்கட்டும். பெஞ்ச் உங்கள் வீட்டில் இருக்கட்டும்.

? மகன் படிக்கிறான், பேசவும் செய்கிறான். ஆனால் நான் முப்பது வருஷமாக இருக்கும் கட்சியைத் திட்டுகிறான்!
– கிளைச் செயலாளர், பண்ருட்டி

வாழ்த்துகள். பிள்ளையை நன்றாக வளர்த்திருக்கிறீர்கள். பதில் சொல்ல முடிந்ததற்குப் பதில் சொல்லுங்கள். முடியாததை அடுத்த செயற்குழுவில் எழுப்புங்கள்.

? என் ஒரு ஓட்டால் என்ன ஆகிவிடப் போகிறது?
– ஐ.டி. ஊழியர், சோழிங்கநல்லூர்

2008, ராஜஸ்தான், நாத்துவாரா தொகுதி. மாநில காங்கிரஸ் தலைவர் சி.பி. ஜோஷி, முதல்வர் நாற்காலிக்கு அருகில் நின்றவர், ஒரே ஒரு ஓட்டில் தோற்றார். 1999-ல் மக்களவையில் வாஜ்பாய் அரசு 269-க்கு 270 என்று ஒரே ஓட்டில் கவிழ்ந்தது.

நம்ம ஊர்க் கணக்கும் உண்டு. 2016-ல் ராதாபுரத்தில் அப்பாவு தோற்றது 49 ஓட்டில். ஒரு காலேஜ் வகுப்பில் அதைவிட அதிகம் பேர் உட்கார்ந்திருப்பார்கள். 2021-ல் தியாகராய நகரில் வித்தியாசம் 137. உங்கள் அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவில் எத்தனை பேர்?

? நோட்டா அதிக ஓட்டு வாங்கினால் மறுதேர்தல் உண்டா?
– செவிலியர் மாணவி, கரூர்

கிடையாது. 2013 செப்டம்பர் 27-ல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பால் வந்த பொத்தான் அது. நோட்டா ஒரு லட்சம் வாங்கி, அடுத்தவர் ஆயிரம் வாங்கினாலும் அந்த ஆயிரம்தான் எம்.எல்.ஏ. கோபத்தைப் பதிவு செய்ய நோட்டா போதும். ஆளை மாற்ற வேண்டுமென்றால் ஒரு பெயருக்கு எதிரே அழுத்தியாக வேண்டும்.

? ‘சர்கார்’ படத்தில் வந்த 49-பி நிஜமாகவே இருக்கிறதா?
– விஜய் ரசிகர், தூத்துக்குடி

இருக்கிறது. உன் ஓட்டை வேறு யாரோ போட்டுவிட்டால், நீதான் நீ என்று நிரூபித்து வாக்குச் சீட்டு கேட்டு வாங்கலாம். எந்திரத்தில் அழுத்த முடியாது. சீட்டு தனி உறைக்குள் போகும், வழக்கமான எண்ணிக்கையில் சேராது, கோர்ட் கேட்டால்தான் வெளியே வரும். விதி 1992-லிருந்தே தூங்கிக்கொண்டிருந்தது. 2018-ல் ஒரு படம் வந்து எழுப்பியது. ஒரு தேர்தல் விதியைத் தியேட்டரில் உட்கார்ந்து தெரிந்துகொண்டதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மீதி விதிகளுக்கும் படம் வரட்டும் என்று காத்திருக்காதே.

? டி.வி. விவாதம் பார்த்தால் தலைவலிதான் மிச்சம். செய்தி எப்படித் தெரிந்துகொள்வது?
– எம்.ஏ. மாணவி, காரைக்குடி

நாலு பேர் ஒரே நேரத்தில் கத்தினால் யாருக்கும் தலை வலிக்கும். மக்களவை நடக்கும் நாளில் காலை 11 மணிக்குச் சன்சத் டி.வி. போட்டுப் பார். கேள்வி நேரம். ஒரு நாளைக்கு நட்சத்திரக் குறியிட்ட கேள்விகள் 20. அமைச்சர் எழுந்து நின்று வாயால் பதில் சொல்ல வேண்டும், துணைக் கேள்விக்கும் சொல்ல வேண்டும். குறியில்லாத கேள்விகள் 230 வரை. அவற்றுக்கு எழுத்தில் பதில்.

உன் தொகுதி எம்.பி. என்ன கேட்டார் என்பது மக்களவை இணையதளத்தில் பெயர் போட்டுத் தேடினால் வந்துவிடும். ஒன்றுமே வரவில்லையா? அதுவும் செய்திதான்.

? மாணவர்கள் படிக்கட்டும், அரசியல் அப்புறம் பார்க்கலாம் என்கிறார் என் மாமனார்.
– இல்லத்தரசி, விருதுநகர்

விருதுநகரிலிருந்தா கேட்கிறீர்கள்! 1965-ல் மொழிப் போராட்டத்தில் தெருவுக்கு வந்த மாணவர் தலைவர்களில் ஒருவர் பெ. சீனிவாசன். 1967-ல் உங்கள் ஊரிலேயே நின்றார். எதிரே காமராஜர். வித்தியாசம் 1,285 ஓட்டு, ஜெயித்தது சீனிவாசன்.

ஊர் ஊராகப் பள்ளிக்கூடம் திறந்த மனிதர் தோற்றது எனக்கு இன்றும் வருத்தம்தான். ஆனாலும் பிள்ளைகளைப் படிக்க வைத்தால் அவர்கள் கேள்வி கேட்பார்கள், சில சமயம் படிக்க வைத்தவரிடமே கேட்பார்கள். மாமனாருக்கு இந்தக் கதையைக் காபியோடு சொல்லுங்கள்.

? மெரினாவில் ஜல்லிக்கட்டுக்காக நின்றவன் நான். அந்த எழுச்சி எங்கே போனது?
– தனியார் நிறுவன ஊழியர், தாம்பரம்

நின்றதற்கு என் வணக்கம். 2017 ஜனவரி 23-ல் சட்டமன்றம் சட்டம் போட்டது. கடற்கரை காலியானது. ஆனால் அந்தச் சட்டம் செல்லும் என்று உச்ச நீதிமன்ற அரசமைப்பு அமர்வு சொன்னது 2023 மே 18-ல். கடற்கரையில் ஒரு வாரம், கோர்ட்டில் ஆறு வருஷம்.

அந்த ஆறு வருஷமும் வாய்தா வாய்தாவாகப் போய் நின்றவர்களுக்குக் கைதட்டல் இல்லை, செல்போன் வெளிச்சம் இல்லை. அரசியலில் முக்கால்வாசி வேலை அப்படிப்பட்டதுதான். கூட்டம் கலைந்த மறுநாள் யார் ஃபைலைத் தூக்கிக்கொண்டு அலைகிறார்கள் என்று பார். அவர்களோடு சேர்ந்துகொள்.

? வாட்ஸ்அப்பில் வருவது உண்மையா பொய்யா, எப்படிக் கண்டுபிடிப்பது?
– பால் வியாபாரி, பொள்ளாச்சி

மூன்று கேள்வி கேளுங்கள். யார் சொன்னது? எப்போது சொன்னது? வேறு எங்கே வந்திருக்கிறது? படம் இருந்தால் அதே படம் பழைய வெள்ளத்திலோ பழைய கலவரத்திலோ வந்ததா என்று உங்கள் பேத்தியிடம் தேடச் சொல்லுங்கள், நொடியில் சொல்லிவிடுவாள். ‘தமிழனாக இருந்தால் பகிரவும்’ என்று முடிந்தால், தமிழனாக இருந்து பகிராமல் விடுங்கள்.

? அரசியல் தெரிந்துகொள்ள ஆசை. எங்கே ஆரம்பிப்பது? கட்சி எதிலும் சேர மனமில்லை.
– பாலிடெக்னிக் மாணவர், சங்கரன்கோவில் அருகே ஒரு கிராமம்

கிராம சபையில் ஆரம்பி. இவ்வளவு கடிதங்களில் எனக்கு மிகப் பிடித்த கேள்வி உன்னுடையது, அதனால் பதில் கொஞ்சம் நீளும்.

குடியரசு தினம், உலகத் தண்ணீர் தினமான மார்ச் 22, மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி, உள்ளாட்சி தினமான நவம்பர் 1 என்று தமிழ்நாட்டில் வருஷத்துக்கு ஆறு தடவை கூடுகிறது. உறுப்பினராக யாரும் உன்னை நியமிக்க வேண்டாம். ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் நீயே உறுப்பினர். எம்.எல்.ஏ. ஆக ஓட்டு கேட்க வேண்டும், கிராம சபை உறுப்பினராகப் பதினெட்டு வயசு போதும்.

போனால் என்ன நடக்கும்? சாமியானாவுக்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலி. முன்வரிசையில் தலைவருக்கு வேண்டியவர்கள். நூறு நாள் வேலை அக்காக்கள் ஓரமாகத் தரையில். ஊராட்சிச் செயலர் தீர்மானங்களை ஒரே மூச்சில் வாசிப்பார், மைக் கரகரக்கும். பிறகு பதிவேடு சுற்றி வரும், எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போவார்கள். அங்கேதான் நீ நிற்க வேண்டும். கையெழுத்துக்கு மேலே என்ன எழுதியிருக்கிறது என்று படி. மேலே வெறும் தாளாக இருந்தால் எழுதிய பிறகு போடுகிறேன் என்று மரியாதையாகச் சொல்.

முதல் தடவை ஒரே ஒரு கேள்வி கேள்: ‘போன வருஷம் குடிநீருக்கு எவ்வளவு செலவாச்சு?’ வரவு செலவை அங்கே வாசித்தாக வேண்டும், அது உன் உரிமை. இரண்டாம் தடவை இரண்டு நண்பர்களோடு போ. மூன்றாம் தடவை நீ வருவதற்குள் கணக்கு தயாராக இருக்கும்.

? நாங்கள் டவுன்காரர்கள். எங்களுக்குக் கிராம சபை இல்லையே?
– மருந்துக்கடை ஊழியர், வேலூர்

ஏரியா சபை உண்டு. அதற்கும் வார்டு கமிட்டிக்கும் 2022-ல் விதிகள் வந்தன. உங்கள் வார்டில் கடைசியாக எப்போது கூடியது என்று கவுன்சிலரைக் கேளுங்கள். ‘அப்படி ஒன்று இருக்கா’ என்று அவர் திருப்பிக் கேட்டால் சட்டத்தை நீங்களே அவருக்குச் சொல்லிக் கொடுங்கள்.

? தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட்டேன். ‘தகவல் இல்லை’ என்று பதில் வந்தது.
– பி.எஸ்சி. மாணவர், அரியலூர்

மனுவின் நகலை நீ இணைத்திருக்கிறாய். ‘எங்கள் தெருவிளக்கு ஏன் எரியவில்லை?’ என்று எழுதியிருக்கிறாய். ‘ஏன்’ என்றால் நழுவிவிடுவார்கள். ‘எவ்வளவு’ என்று கேள். இப்படி எழுது: ‘கடந்த நிதியாண்டில் தெருவிளக்குப் பராமரிப்புக்கு ஒதுக்கிய தொகை, செலவான தொகை, ஒப்பந்ததாரர் பெயர், பணி ஆணையின் நகல் ஆகியவற்றைத் தருக.’ ஃபைலில் இருப்பதை இல்லை என்று சொல்ல முடியாது.

பத்து ரூபாய்க்குக் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், 30 நாள் கெடு. தராவிட்டால் அதே அலுவலகத்தில் மேல்முறையீடு, அதற்கு மேல் தகவல் ஆணையம். நாட்டுக்கே 2005-ல் வந்த சட்டம், ஆனால் தமிழ்நாடு 1997-லேயே தனக்கென ஒன்று போட்டுவிட்டது. விளக்கு எரிந்ததும் எழுது.

? ஓட்டுக்குக் காசு கொடுக்கிறார்கள். வாங்கிக்கொண்டு மனசாட்சிப்படி போட்டால் தப்பா?
– முதல் முறை வாக்காளர், திருமங்கலம்

தப்பு. கொடுப்பது மட்டுமல்ல, வாங்குவதும் குற்றம், ஓராண்டு வரை சிறை. காசு பாய்ந்ததால் 2017 ஏப்ரலில் ஆர்.கே. நகர் இடைத்தேர்தல் ரத்து, 2019-ல் வேலூர் மக்களவைத் தேர்தலே ரத்து. இனிக் கணக்குக்கு வா. 2,000 ரூபாயை ஐந்து வருஷத்துக்கு வகுத்தால் ஒரு நாளைக்கு ஒரு ரூபாய் பத்து காசுகூட வராது. அந்தக் காசுக்கு உன் தெருவில் டீயும் கிடைக்காது, ரோடும் கிடைக்காது.

? வேட்பாளரைப் பற்றி எப்படித் தெரிந்துகொள்வது? எல்லோரும் கும்பிடுகிறார்கள், எல்லோரும் சிரிக்கிறார்கள்.
– தையல் கடை நடத்துபவர், திருப்பூர்

பொண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கும்போது சிரிப்பை மட்டுமா பார்க்கிறீர்கள்? சம்பளம், சொத்து, கடன், வழக்கு எல்லாம் விசாரிப்பீர்கள். வேட்பாளர் இதையெல்லாம் பிரமாணப் பத்திரமாக எழுதிக் கையெழுத்துப் போட்டே மனுவோடு கொடுக்கிறார். பெயர் படிவம் 26. தேர்தல் ஆணைய இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும். போன தடவை எழுதின சொத்தையும் இந்தத் தடவை எழுதின சொத்தையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். பல நாவல்களைவிடச் சுவாரசியம்.

? ‘பொம்பளப் புள்ளைக்கு அரசியல் பேச்சு எதுக்கு’ என்கிறார்கள் வீட்டில்.
– பொறியியல் மாணவி, மன்னார்குடி

1921-லேயே பெண்களுக்கு ஓட்டுரிமை தந்த மாகாணம் சென்னை. பிரிட்டிஷ் இந்தியாவின் முதல் பெண் சட்டமன்ற உறுப்பினர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, பிறந்தது புதுக்கோட்டை, உங்கள் ஊரிலிருந்து எட்டும் தூரம். இன்று தமிழ்நாட்டு உள்ளாட்சிகளில் பாதி இடம் பெண்களுக்கு. அந்த நாற்காலியில் வீட்டுக்காரர் உட்கார்ந்து கையெழுத்துப் போடாமல் இருக்க, அரசியல் பேசத் தெரிந்த பெண்கள்தான் வேண்டும். சத்தமாகப் பேசு தங்கச்சி.

? 21 வயசாகிறது. தேர்தலில் நிற்கலாமா?
– சட்டக் கல்லூரி மாணவர், செங்கல்பட்டு

உள்ளாட்சியில் தாராளமாக. சட்டமன்றத்துக்கும் மக்களவைக்கும் 25, மாநிலங்களவைக்கு 30. திருவனந்தபுரத்தில் ஆர்யா ராஜேந்திரன் 2020-ல் மேயரானபோது 21. சென்னையில் பிரியா ராஜன் 2022-ல் மேயரானபோது 28.

உங்கள் ஊருக்குப் பக்கத்தில்தான் உத்திரமேரூர். பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டைப் போய்ப் பார். குடவோலையில் பெயர் எழுத 35 வயசு ஆகியிருக்க வேண்டும், 70 தாண்டக் கூடாது. பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவன் நிற்க முடியாது, அவன் உறவினரும் நிற்க முடியாது. வயசைக் குறைத்தது நல்லது. கணக்கு விஷயத்தில் நாம் அந்தக் கல்வெட்டை இன்னும் எட்டவில்லை.

? எனக்குப் பிடித்த நடிகர் கட்சி தொடங்கினால் சேரலாமா?
– ரசிகர், சேலம்

சேரலாம். எம்.ஜி.ஆர். 1953-ல் தி.மு.க.வில் சேர்ந்து 19 வருஷம் கட்சி வேலை பார்த்த பிறகுதான் 1972-ல் தனிக்கட்சி கண்டார். படத்துக்கு டிக்கெட் வாங்கியது போதும், கட்சிக்குத் தேர்தல் அறிக்கை வாங்கிப் படி. அதில் உன் ஊருக்கு என்ன இருக்கிறது என்று அடிக்கோடு போடு. கோடு விழவில்லையென்றால் தலைவருக்குக் கடிதம் எழுது.

? எங்கள் கல்லூரியில் மாணவர் பேரவைத் தேர்தலே கிடையாது. ரவுடித்தனம் வரும் என்கிறார்கள்.
– இளங்கலை மாணவர், கோவை

அதற்காகத்தான் 2006-ல் லிங்டோ குழு விதிமுறை வகுத்தது. ஒருவருக்குச் செலவு உச்சவரம்பு 5,000 ரூபாய், வகுப்புக்கு 75 சதவீதம் வந்திருக்க வேண்டும். உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. கல்லூரி முதல்வரிடம் அந்த அறிக்கையைக் கொடுத்துப் பேசிப் பார். ஓட்டுப் பெட்டியை 18 வயசில் கண்ணில் காட்டாமல் 25 வயசில் பொறுப்பு வரவில்லை என்று திட்டுவது பெரியவர்கள் தப்பு.

? ஆஸ்திரேலியா மாதிரி ஓட்டுப் போடாதவருக்கு அபராதம் போட்டால் என்ன?
– வங்கி அதிகாரி, நாகர்கோவில்

1924-ல் கட்டாயமாக்கினார்கள், அடுத்த தேர்தலிலேயே 91 சதவீதத்தைத் தாண்டியது. இன்றும் அபராதம் 20 டாலர். ஆனால் அங்கே ஓட்டுப்பதிவு சனிக்கிழமை, வரிசை சீக்கிரம் நகரும். முதலில் பிழையில்லாத பட்டியல் கொடுப்போம், அப்புறம் அபராதம் பேசலாம்.

? பெங்களூரில் வேலை. ஓட்டு சொந்த ஊரில். பஸ் டிக்கெட் கிடைப்பதில்லை.
– மென்பொருள் பணியாளர், ஓசூர் வழியாகப் போய்வருபவர்

அங்கேயே நிரந்தரமாகத் தங்கிவிட்டால் படிவம் 8-ல் மாற்றிக்கொள். மனசு ஊரில்தான் என்றால், தேர்தல் தேதி அறிவித்த அன்றே டிக்கெட் போடு. தீபாவளிக்குப் போடுகிறாயே.

? மை வைத்த விரலோடு செல்ஃபி போடுவதில் என்ன பயன்?
– கல்லூரி மாணவி, சிதம்பரம்

நல்ல பயன். பார்த்து நாலு பேர் கிளம்புவார்கள். பூத்துக்கு வெளியே வந்து எடு, உள்ளே போனுக்கு அனுமதி இல்லை. 1962-லிருந்து அந்த மை மைசூரில் தயாராகிறது. சில வாரத்தில் அழிந்துவிடும். போட்ட ஓட்டு ஐந்து வருஷம் இருக்கும்.

? இந்த வாரம் நான் செய்ய ஒரே ஒரு வேலை சொல்லுங்கள்.
– வேலை தேடும் பட்டதாரி, ராமநாதபுரம்

1950-க்குப் போன் போடு, தேர்தல் ஆணையத்தின் உதவி எண். உன் பெயர் பட்டியலில் இருக்கிறதா, எந்தப் பாகம், எந்த வரிசை எண் என்று கேட்டுக் குறித்துக்கொள். வீட்டில் இருக்கும் மற்றவர்கள் பெயரையும் சேர்த்துக் கேள். விட்டுப்போயிருந்தால் படிவம் 6. நாளைக்கு என்று தள்ளாதே தம்பி, இன்றைக்கே போடு.